வேன் கூரை ஒழுகுகிறதா? அறிகுறி பார்த்துப் பூச்சைத் தெரிவு செய்யுங்கள்

மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கொழும்பில் வேன் கூரை வேலை செய்கிறவர்களைத் தேடி வரும் கேள்வி ஒன்றுதான்: "கூரை ஒழுகுது, மேலே என்ன பூசலாம்?" கேம்பராக மாற்றிய ஜப்பான் வேன், உணவு வண்டி, நடமாடும் கடையாக்கிய லொறி, வெளிநாட்டில் இருந்து இறக்கிய கரவன் என்று வண்டி மாறும், கேள்வி மாறாது. என்ன பூசுவது என்பதைக் கடைசியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கே ஒழுகுகிறது, கூரை எதனால் ஆனது, அதன்மேல் ஏற்கனவே என்ன பூசியிருக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் வாங்கும் வாளி, பெரும்பாலும் அடுத்த வருடம் சுரண்டி எடுக்க வேண்டிய வேலையாகிவிடுகிறது.

கூரைப் பூச்சு, கூரைத் தகட்டை வெயிலில் இருந்தும் மழையில் இருந்தும் காக்கும். பிளந்த மூட்டை அது அடைக்காது. ஒழுக்கில் பெரும்பங்கு மூட்டுகளில்தான் தொடங்குகிறது.

## ஏறுவதற்கு முன்: கூரை எது?

ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. ஜப்பான் வேன்களில் பெரும்பாலும் இதுதான். ஒட்டாமல், தட்டினால் உலோகச் சத்தம் வந்தால் அலுமினியம். காந்தமும் ஒட்டவில்லை, சத்தமும் மந்தமாக இருக்கிறது, வெட்டிய ஓரத்தில் நார் தெரிகிறது என்றால் ஃபைபர். உயர்த்திக் கட்டிய கூரைகள் அநேகமாக ஃபைபர்தான். நகத்தால் அழுத்தினால் ரப்பர் போல் அமுங்குகிறதா? அப்படியானால் அது ரப்பர் விரிப்புக் கூரை, இறக்குமதிக் கரவன்களில் வருவது. அதிலும் இரண்டு வகை உண்டு. வென்டின் (கூரையில் காற்றுப் போகும் திறப்பின்) சட்டத்துக்கு அடியில், வெட்டிய ஓரத்தில் அடிப்புறம் கறுப்பாக இருந்தால் ஈபிடிஎம்; வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் பெரும்பாலும் டிபிஓ.

அடுத்தது, பழைய பூச்சு சிலிக்கனா என்று பார்ப்பது. ஒரு மூலையைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, நீரில் கரையும் பெயின்ட் ஒரு துளி தடவுங்கள். பரவாமல் முத்து முத்தாகச் சுருண்டு விலகினால் அது சிலிக்கன். சிலிக்கன்மேல் சிலிக்கனைத் தவிர வேறு எதுவும் ஒழுங்காக ஒட்டாது. இந்த ஒரு சோதனை நிறையப் பேரின் பணத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

ஏறும்போது காலை விலாச்சட்டத்தின் மேல் வையுங்கள், அல்லது ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள். ஈரமான சிலிக்கன் கூரையில் கால் நிற்காது. காய்ந்த பிறகு ஏறுங்கள்.

## அறிகுறி 1: மழை பெய்தால் வென்ட், ஏசி, சோலார் பேனல் பக்கத்தில் சொட்டுகிறது

கூரையில் தண்ணீர் போகும் வழி அடைபட்டிருக்கலாம். மரத்தின் கீழே நிறுத்தும் வண்டிகளில் ஓரப் பீலியில் சருகு நிறைந்து, தண்ணீர் எதிர்த்திசையில் ஏறி மூட்டுக்குள் போகிறது. கையால் வாரி எடுத்து, ஹோஸ் பிடித்து ஓடுகிறதா என்று பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை.

மூட்டின் மேல் போட்ட சீலன்ட் (மூட்டை அடைக்கும் பசை) வெடித்திருக்கலாம். கொழும்பு வெயிலுக்கு இது சாதாரணம். விரலால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். தூக்கினால் எழும்புகிறது, மயிரிழை வெடிப்புத் தெரிகிறது என்றால் இடம் இதுதான்.

ஸ்குரூ தளர்ந்திருக்கலாம். சோலார் பேனலின் காலைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். வண்டி குலுங்கிக் குலுங்கி ஸ்குரூவின் துளை பெருத்துவிடும். அதே ஸ்குரூவை இறுக்கினால் துளை இன்னும் பெருக்கும். ஒரு சுற்றுப் பெரிய ஸ்குரூ, அடியில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா), மேலே சீலன்ட் என்று திரும்பப் போடுங்கள். கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலுமினியக் கூரையில் அதையும் வெறுமனே செருகக்கூடாது. உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் உரசும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். சீலன்டில் தோய்த்துச் செருகுங்கள்.

வென்டின் சட்டத்துக்கு அடியில் உள்ள பியூட்டைல் செத்துப்போயிருக்கலாம். மேலே எவ்வளவு பூசினாலும் இது நிற்காது. சட்டத்தைக் கழற்றி, பழையதை முழுக்கச் சுரண்டி, புதிய டேப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

எது என்று தெரியாவிட்டால் ஹோஸ் சோதனை. ஒருவர் உள்ளே டோர்ச்சுடன் இருக்கட்டும். வெளியில் நிற்பவர் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி மேலே மேலே போக வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் 5 நிமிடமாவது, அழுத்தமில்லாத தண்ணீர். அழுத்த பம்ப் பிடித்தால் நல்ல மூட்டையும் அது கெடுக்கும். மேலிருந்து தொடங்கினால் எல்லா மூட்டும் ஒரே நேரத்தில் நனைந்து, எது குற்றவாளி என்றே தெரியாது. இன்னொன்று: தண்ணீர் புகும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றல்ல. உள்ளே விலாச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஒரு மீற்றர் தள்ளிச் சொட்டும். உள் சீலிங் பலகை ஒன்றைக் கழற்றினால் தடம் தெரியும்.

சீலன்ட் வாங்கும்போது, பிறகு எதைப் பூசப் போகிறீர்கள் என்று யோசித்து வாங்குங்கள். மூட்டில் சிலிக்கன் சீலன்ட் போட்டுவிட்டு அதன்மேல் அக்ரிலிக் பூசினால், மூட்டைச் சுற்றி அக்ரிலிக் வளையம் வளையமாக உரியும். அக்ரிலிக் பூசுவதாக இருந்தால் பொலியூரித்தேன் அல்லது எம்எஸ் பொலிமர் சீலன்ட். வினாகிரி மணம் வீசும் சிலிக்கனை உலோகத்தில் போடவே வேண்டாம்; அதில் இருந்து வரும் அமிலம் தகட்டை அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் கூரைக்கு அதற்கென்றே விற்கும் சீலன்ட்தான்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: சொட்டும் இடத்தில் மின்கம்பி, இன்வேர்ட்டர், ஏசி இணைப்பு இருந்தால் உடனே. முதலில் வெளி மின்சாரத்தைக் கழற்றுங்கள், பற்றரியைத் துண்டியுங்கள். பிறகுதான் மற்றதெல்லாம். உணவு வண்டிக்குள் நாள் முழுக்க ஈரக் கையோடு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். இதில் "நாளைக்குப் பார்ப்போம்" என்பது கூடாது.

## அறிகுறி 2: நிற்கும்போது இல்லை, ஓடும்போது மட்டும் முன்பக்கம் ஒழுகுகிறது

கூரைப் பூச்சுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. வின்ட்ஸ்கிரீனின் மேல் ரப்பர், கூரை ஓரத்துத் தகட்டு மூட்டு என்று இந்த வரிசையில் பாருங்கள். பின்பக்கம் ஒழுகினால் பின்கதவுக்கு மேலுள்ள பிரேக் லைட்டின் ரப்பர். லைட் ரப்பரை நீங்களே மாற்றலாம். வின்ட்ஸ்கிரீனைக் கழற்றி ஒட்டுவது கண்ணாடி வேலைக்காரரின் வேலை.

## அறிகுறி 3: மழையே இல்லை, விடியற்காலையில் சொட்டுகிறது

நுவரெலியாவில் ஓர் இரவு தங்கிவிட்டு வந்து "கூரை ஒழுகுது" என்று சொல்பவர்கள் உண்டு. யன்னல் எல்லாம் பூட்டி, உள்ளே சமைத்து, நாலு பேர் தூங்கினால், அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த தகட்டில் படிந்து சொட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுப் பொலித்தீனை உள்தகட்டில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் பொலித்தீனின் அறைப்பக்கம் நனைந்து, அதன் பின்னால் தகடு காய்ந்திருந்தால் அது மூச்சும் சமையல் ஆவியும்தான். வென்டைக் கொஞ்சம் திறந்துவையுங்கள், தகட்டின் உட்புறம் இன்சுலேஷன் போடுங்கள். மேலே பூச வேண்டியது எதுவும் இல்லை.

## அறிகுறி 4: கூரையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது

மழை விட்டு மறுநாளும் குட்டை போல் நிற்கிறது என்றால், அந்த இடத்தில் பூச்சைத் தெரிவு செய்வது தண்ணீர்தான். அக்ரிலிக் பூச்சு ஓடும் மழையைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. நாளடைவில் மெதுமெதுப்பாகி, கொப்புளித்து உரியும். சிலிக்கன் பூச்சு தேக்கத்தைத் தாங்கும்.

முதலில் ஏன் தேங்குகிறது என்று பாருங்கள். நிறுத்தும் இடம் சரிவாக இருக்கலாம். அதற்கு வண்டியைத் திருப்பி நிறுத்தினாலே போதும். சாமான் கட்டும் றாக்கின் கால் வழியை மறித்திருக்கலாம். இரண்டும் இல்லை என்றால் கூரைச் சட்டம் தாழ்ந்திருக்கிறது. ஏசி போன்ற பாரத்தைச் சட்டம் இல்லாத இடத்தில் வைத்த வண்டிகளில் இதைப் பார்க்கலாம். சட்டம் தாழ்ந்தால் அது பொடி கட்டுபவரின் வேலை. பூசி மறைக்க வேண்டாம். பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும்.

## அறிகுறி 5: கையில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது, பக்கவாட்டில் கோடு கோடாக வழிகிறது

மேல்பரப்பு வெயிலில் தேய்கிறது என்பதன் அடையாளம். ஒழுக்கு இன்னும் வரவில்லை, ஆகவே பூச்சு பூச மிக நல்ல கட்டம் இதுதான். ஈபிடிஎம் கூரை இயல்பாகவே இப்படித் தூள் உதிர்க்கும். ஃபைபரின் மேற்பூச்சு நாட்பட்டால் உதிர்க்கும்.

சவர்க்காரத் தண்ணீரும் தும்புத்தடியும் போதும். தூள் வருவது நிற்கும்வரை கழுவுங்கள். ஈபிடிஎம்மில் பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் படக்கூடாது. ரப்பர் ஊதி நெளிந்துவிடும். ஃபைபரை 120 அளவு சேண்ட் பேப்பரால் மங்கலாகும்வரை தேய்த்து, அதன் தூளைத் துடைத்து, பிறகு பிரைமர் (பூச்சு ஒட்டுவதற்கான அடிப்பூச்சு). தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், ஃபைபர் தூள் நெஞ்சுக்கு ஆகாது. தேய்க்கும்போது நார் வெளியே வந்தால் நிறுத்திவிடுங்கள். முகத்துவாரம், நீர்கொழும்புப் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்பவர்கள் அந்த இடத்தில் இன்னொரு அடுக்குப் போட்டுத் தருவார்கள். வேன் கூரைக்கும் அதே வேலைதான்.

## அறிகுறி 6: முன்பு பூசிய பூச்சு உரிகிறது

சோதிக்க: கத்தியால் பூச்சில் ஒரு பெருக்கல் குறி கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். கூரையின் நாலைந்து இடங்களில் செய்யுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் வந்தால்: அங்கே எண்ணெய் அல்லது அழுக்கு இருந்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி, கழுவி, ஒட்டுப் போடலாம்.

எல்லா இடத்திலும் படலம் படலமாக வந்தால்: பிரைமர் போடாமல் பூசியிருக்கிறார்கள், அல்லது அடியில் சிலிக்கன். இதன்மேல் எவ்வளவு விலைகூடிய பூச்சைப் போட்டாலும் அடியில் உள்ளதோடு சேர்ந்து அதுவும் வரும். முழுக்க எடுக்க வேண்டும்.

உரியும் இடத்தில் கறுப்பாக, ஒட்டும் பிசினாக ஏதாவது தெரிந்தால்: யாரோ தார் பூசியிருக்கிறார்கள்.

தாரைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வீட்டு சிலாப்புக்கு வாங்கிய தார்ப்பூச்சு மிச்சம் இருக்கிறது என்று வேன் கூரையில் பூசுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெயிலில் கறுப்புக் கூரை கொதிக்கும். தாரின் எண்ணெய் ரப்பர் கூரையின் உயிரை எடுத்துவிடும். பிறகு நல்ல பூச்சு எதைப் போட்டாலும் தார் கசிந்து மேலே மஞ்சளாக ஏறும். அதை எடுக்கும் கூலி, முதலில் ஒழுங்காகச் செய்திருக்கக்கூடிய கூலியைவிட அதிகம். தார் பூசிய கூரை என்றால் நீங்களே சுரண்டத் தொடங்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 7: பூச்சில் கொப்புளம்

ஒரு கொப்புளத்தைக் கத்தியால் திறவுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால், அடியில் மூட்டு இன்னும் ஒழுகுகிறது. அறிகுறி 1க்குப் போங்கள். காய்ந்திருந்தால் ஈரத்தின் மேல் பூசியிருக்கிறார்கள், அல்லது சுடும் தகட்டில் பூசியிருக்கிறார்கள், அல்லது முதல் கை காயுமுன் இரண்டாவது கை போட்டிருக்கிறார்கள். கொப்புளங்களை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுத் திரும்பப் பூசலாம்.

## அறிகுறி 8: ரிவெட், பீலி ஓரத்தில் கறள்

பெயின்டுக்கு அடியில் புழு ஓடியதுபோல் எழும்பியிருந்தால் உடனே பாருங்கள். கம்பித் தூரிகையால் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்த்து, மிச்சக் கறளுக்குக் கறளை மாற்றும் இரசாயனத்தைத் தடவி, எபொக்சி பிரைமர் போட்டு, பிறகு பூச்சு. கறளின்மேல் நேராகப் பூசினால் பூச்சுக்கு அடியில் அது பரவிக்கொண்டே இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போல் கடல் அருகே இரவில் நிறுத்தும் வண்டிகளுக்கு மாதம் ஒரு முறை கூரையை நல்ல தண்ணீரால் கழுவுவது மிகவும் உதவும்.

ஸ்குரூ டிரைவரின் முனையால் மெல்லக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் தகடு போய்விட்டது. வெட்டி ஒட்டுப் போட டிங்கர் பாஸிடம்தான் போக வேண்டும். வெல்டிங் என்றால் பற்றரியைக் கழற்றி, உள் சீலிங்கையும் இன்சுலேஷனையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். கேம்பராக இருந்தால் காஸ் சிலிண்டரையும் இறக்குங்கள்.

## அறிகுறி 9: கால் வைத்தால் கூரை அமுங்குகிறது

அடியில் பிளைவுட் உள்ள கரவன்களில் இது வரும். ரப்பர் நன்றாகத் தெரியும், அடியில் பலகை உளுத்திருக்கும். உள்ளே பூஞ்சண வாடை, சீலிங்கில் மண்ணிறக் கறை இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. ஈரமானி கிடைத்தால் பலகையில் குத்திப் பாருங்கள். 20 வீதத்துக்கு மேல் காட்டினால் உளுப்பு வளர ஈரம் போதும். இந்தக் கூரையைப் பூச்சால் மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகை இன்னும் வேகமாகப் போகும். மேலே ஏறாதீர்கள், பூசாதீர்கள். தறப்பாள் போட்டு மூடி, கூரையைத் திறந்து பலகை மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

## மூட்டெல்லாம் சரி, கூரை உறுதி, காய்ந்தும் விட்டது. இனி எந்த வாளி?

சரிவுண்டு, தண்ணீர் ஓடிவிடும், அடியில் சிலிக்கன் இல்லை: வெள்ளை அக்ரிலிக். விலை குறைவு, நாமே பூசலாம், தூரிகையைத் தண்ணீரில் கழுவலாம், வெயிலைத் திருப்பி அனுப்பும். சில வருடம் கழித்து அதன்மேலேயே இன்னொரு கை போடலாம். பெரும்பாலான வேன்களுக்கு இதையே சொல்வேன்.

தண்ணீர் தேங்கும், அல்லது ஏற்கனவே சிலிக்கன்: சிலிக்கன். நீண்டகாலம் நிற்கும். ஆனால் அழுக்கைப் பிடித்து வெள்ளை நிறம் சாம்பலாகும், ஈரத்தில் வழுக்கும், அப்புறம் எந்தக் காலமும் சிலிக்கன்தான் பூச வேண்டும். இதை ஒப்புக்கொண்டு வாங்குங்கள்.

மேலே சாமான் ஏற்றுவார்கள், நடப்பார்கள்: பொலியூரித்தேன். உராய்வைத் தாங்குவதில் மற்ற இரண்டையும்விட மேல். அலிஃபாட்டிக் என்று எழுதியதுதான் கடைசிக் கையாக மேலே வர வேண்டும். மற்றது வெயிலில் மஞ்சளாகித் தூளாகும். இதை ஸ்பிரே அடிப்பதை முகக்கவசமும் பயிற்சியும் உள்ளவரிடம் விடுங்கள். அந்தப் புகை மூச்சுக்கு மிகவும் கெட்டது.

ரப்பர் கூரை: வாளியில் ஈபிடிஎம்முக்கு அல்லது டிபிஓவுக்கு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்க வேண்டும், அதற்குரிய பிரைமரோடு. டிபிஓவில் பிரைமர் இல்லாமல் அநேகமாக எதுவும் ஒட்டாது.

அளவு கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் ஊற்றினால் ஈரமாக 1 மில்லிமீற்றர் தடிப்பு. பூச்சின் கனவளவில் திடப்பொருள் 50 வீதம் என்று போட்டிருந்தால், காய்ந்த பின் அரை மில்லிமீற்றர். 4 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலமுள்ள கூரை 6 சதுர மீற்றர். அந்தத் தடிப்புக்கு 6 லீற்றர் வேண்டும், இரண்டு கையாக, குறுக்கும் நெடுக்குமாக. 2 லீற்றரை இழுத்து இழுத்துப் பூசினால் பார்க்க வெள்ளையாக இருக்கும், மழைக்கு நிற்காது. பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் விலை கேட்கும்போது வாளியின் விலையை மட்டும் பார்க்காமல், திட வீதத்தையும் வாசித்து ஒப்பிடுங்கள்.

நாள் பார்ப்பது இங்கே பாதி வேலை. கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி மிகப் பொருத்தம். மார்ச், ஏப்ரலில் காலையில் மட்டும், ஏனென்றால் பின்னேரம் இடி மழை வரும். ஒக்டோபர், நவம்பரில் கூரையுள்ள கராஜ் கிடைத்தால் ஒழியத் தொடங்க வேண்டாம். பனி ஈரம் காய்ந்த பிறகு, தகடு சூடேறுமுன் பூசுங்கள். உள்ளங்கையை வைத்து அப்படியே வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அக்ரிலிக் காயுமுன் மழை விழுந்தால் பால்போல் கழுவிக்கொண்டு போய்விடும், பக்கவாட்டுப் பெயின்டிலும் படியும். தறப்பாளை விரித்துக் கட்ட ஆயத்தமாக வைத்திருங்கள், ஆனால் ஈரப் பூச்சில் படாமல் உயர்த்திக் கட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் பூச்சின் வகை, பெயர், பிரைமர், திகதி நான்கையும் ஒரு தாளில் எழுதி வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். வாளி மூடியைப் படம் எடுத்து வைத்தாலும் சரி. அடுத்த முறை கூரையில் ஏறுபவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம். அடியில் சிலிக்கனா அக்ரிலிக்கா என்று அவர் சோதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.